விமானப் பயணத்தில் தூரமும் நேரமும்: கணக்கு ஏன் இடிக்கிறது?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் நடுவே சுமார் 5,550 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். வகுத்துப் பார்த்தால் ஆறு மணி பத்து நிமிடம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் என்ன இருக்கும்? லண்டனிலிருந்து போகும்போது ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வரும்போது ஏறக்குறைய ஏழு மணி நேரம். வகுத்து வந்த விடையும் இல்லை, போகவும் வரவும் ஒரே நேரமும் இல்லை.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பூமி சுழல்வதால் என்பார் ஒருவர். விமானம் வேண்டுமென்றே சுற்றி வளைத்துப் போகிறது என்பார் இன்னொருவர். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் வருகிற எண்களும் தளத்துக்குத் தளம் மாறும். குழப்பத்தின் வேர் எளிமையானது: தளம் காட்டும் தூரம் வேறு, விமானம் உண்மையில் பறக்கும் தூரம் வேறு. வானில் இருக்கும் நேரம் வேறு, டிக்கெட்டில் அச்சாகும் நேரம் வேறு. இந்த நான்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்தக் கணக்கும் சரியாக வராது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

வரைபடத்தில் வளைவு, பூமியில் நேர்

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் தளங்கள் தருவது பெருவட்டத் தூரம். பூமியின் மையத்தை நடுவாக வைத்து, பூமியை இரண்டு சம பாதியாக வெட்டும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். அதுபோல எந்த இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும்படி ஒரு பெருவட்டம் வரையலாம். உருண்டையான பரப்பில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழி, அந்த வட்டத்தின் சின்ன வில்தான்.

வீட்டில் உருண்டை வடிவ பூகோளம் இருந்தால் ஒரு நூலை எடுத்து ஃபின்லாந்தின் ஹெல்சின்கி மேல் ஒரு முனையையும், அலாஸ்காவின் ஆங்கரேஜ் மேல் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஒரே அளவு தள்ளி, 60 பாகைக்குச் சற்று மேலே இருக்கின்றன. தட்டையான வரைபடத்தில் பார்த்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராக மேற்கே போவதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். நூல் அப்படிப் போகாது. அது வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய் நிற்கும். அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 9,500 கிலோமீட்டர். நூல் காட்டும் வழியில் சுமார் 6,500 கிலோமீட்டர்தான். 3,000 கிலோமீட்டர் மிச்சம்!

விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் வழி வில்லாக வளைந்து தெரிவது இதனால்தான். விமானம் வளையவில்லை; வரைபடம்தான் வளைத்துக் காட்டுகிறது. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது எதையாவது சிதைத்தே ஆக வேண்டும். நமக்கு மிகவும் பழக்கமான மெர்கேட்டர் வரைபடம் 1569ல் கடலோடிகளுக்காக உருவானது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட அது மிக வசதி. அதற்கு விலையாக, துருவங்களை நெருங்க நெருங்க எல்லாம் ஊதிப் பெரிதாகத் தெரியும். ஆப்பிரிக்காவின் பரப்பில் பதினான்கில் ஒரு பங்குதான் கிரீன்லாந்து. அந்த வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இப்படிப்பட்ட படத்தில் அளவுகோலை வைத்து வரையும் நேர்கோடு வான்வழியைப் பற்றி எதையும் சொல்லாது.

தளத்துக்குத் தளம் தூரம் கொஞ்சம் மாறுவதற்கும் காரணம் உண்டு. பூமி முழு உருண்டை இல்லை. நடுவில் சற்றுப் புடைத்து, துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோடு சுமார் 6,378 கிலோமீட்டர், துருவம் சுமார் 6,357 கிலோமீட்டர். சில தளங்கள் இதைக் கணக்கில் எடுக்கும், சில தளங்கள் 6,371 என்ற சராசரியை வைத்துக்கொண்டு முழு உருண்டையாகவே கணக்கிடும். நீண்ட தூரப் பயணத்தில் இந்த வேறுபாடு சில பத்து கிலோமீட்டர் வரை போகலாம். இரண்டுமே தவறில்லை.

அலகிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வானிலும் கடலிலும் தூரத்தைக் கடல் மைலில் அளக்கிறார்கள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் நீளத்தை வைத்து வந்த அளவு அது. சாலையில் சொல்லும் மைல் சுமார் 1,609 மீட்டர். ஆகவே லண்டன்–நியூயார்க் தூரத்தை ஓரிடத்தில் 5,550 என்றும், இன்னோரிடத்தில் 3,450 என்றும், வேறோரிடத்தில் 3,000 என்றும் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்: கிலோமீட்டர், சாலை மைல், கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகத்துக்கு நாட் என்று பெயர். இந்தச் சொல் பிறகு ஓரிடத்தில் வரும்.

கோடு ஒன்று, பறக்கும் வழி இன்னொன்று

பெருவட்டத் தூரம் என்பது ஒரு கீழ் எல்லை. இதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது, அவ்வளவுதான். உண்மையில் விமானம் பறப்பது எப்போதும் இதைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்கும்.

காற்றை எதிர்த்து ஏறுவதும் இறங்குவதும்தான் விமானத்துக்கு நல்லது. அதனால் கிழக்கே போக வேண்டிய விமானம் மேற்குப் பக்கமாக எழும்பி, பிறகு திரும்பும் நாட்கள் உண்டு. மேலே போனபின்பும், வானில் குறிக்கப்பட்ட புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டுதான் பெரும்பாலும் போகும். அந்தப் புள்ளிகளுக்கு வாயில் நுழையும்படி ஐந்து எழுத்துப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். விமானியும் கட்டுப்பாட்டு மையமும் ஒரே புள்ளியைத்தான் சொல்கிறார்கள் என்பதில் சந்தேகம் வராமலிருக்க இந்த ஏற்பாடு.

மலைகளும் வழியை மாற்றும். திபெத் பீடபூமிக்கு மேலே பெரும்பாலான பயணிகள் விமானங்கள் போவதில்லை. அவ்வளவு உயரத்தில் பறக்க முடியாது என்பதில்லை. மலைக்கு மேலே தாராளமாகப் பறக்கலாம். சிக்கல் வேறு. கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், மூச்சுவிடத் தோதான 10,000 அடி உயரத்துக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு, விமானம் உடனே இறங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் வரும் ஆக்ஸிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் அளவுக்குத்தான் தாங்கும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இறங்க இடம் எங்கே?

கடலைக் கடப்பதற்கும் விதி உண்டு. இரண்டு எஞ்சின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனாலும் மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் வழி வகுக்க வேண்டும். முன்பு அந்த நேரம் 60 நிமிடம். 1985ல் அட்லாண்டிக் பயணங்களுக்கு 120 நிமிடமாக நீட்டத் தொடங்கினார்கள். இன்று ஏர்பஸ் ஏ350 ரகத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. எஞ்சின்கள் நம்பத்தக்கவையாக ஆக ஆக, கடல் மேல் வழிகள் நேராகிக்கொண்டே வந்திருக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடந்த பெரிய முன்னேற்றம் இதுதான் என்பேன்.

எல்லாவற்றையும்விட வழியை நீட்டுவது மனிதர்கள் மூடும் வான்வெளி. ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே. 2022 பிப்ரவரிக்கு முன்பு ஃபின்ஏர் விமானம் இதை ஒன்பதரை மணி நேரம் அளவில் கடந்தது. உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிய பிறகு, அதே பயணம் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுமார் பதின்மூன்று மணி நேரம் எடுத்தது. இரண்டு ஊர்களும் நகரவில்லை, தளம் காட்டும் தூரமும் மாறவில்லை. பயணிக்கு மட்டும் மூன்றரை மணி நேரம் கூடிப்போனது. பனிப்போர்க் காலத்திலும் இதே கதைதான். அப்போதும் சோவியத் வான்வெளி திறந்திராததால் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போன விமானங்கள் பல ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தளம் தருவது பூமியின் பரப்பில் உள்ள மிகக் குறுகிய தூரம். விமானம் பறப்பது அதைவிடக் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பது ஓடுபாதை, மலை, கடல், அரசியல் என்று நாளுக்கு நாள் மாறக்கூடியவற்றைப் பொறுத்தது.

மணிக்கு 900 கிலோமீட்டர், எதைப் பொறுத்து?

இனி நேரம். இங்கேதான் கட்டுரையின் முக்கியமான பகுதி வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெரிய விமான நிலையங்களில் நகரும் நடைபாதை இருக்குமே, அதில் நடந்திருப்பீர்கள். உங்கள் கால்கள் வழக்கமான வேகத்தில்தான் நடக்கின்றன. ஆனால் பக்கத்தில் உள்ள சுவர் வேகமாகப் பின்னால் போகிறது. அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தால், கால்கள் அதே வேகத்தில் நடந்தாலும் சுவர் நகரவே மாட்டேன் என்கிறது. கால்களின் வேகம் பாதையைப் பொறுத்தது; சுவரைப் பொறுத்த வேகம் வேறு.

விமானத்துக்குக் காற்றுதான் அந்த நடைபாதை. தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் நகரும் வேகம் காற்றுவேகம். தரையைப் பொறுத்து நகரும் வேகம் தரைவேகம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று நாம் சொல்வது காற்றுவேகம். ஊர் போய்ச் சேரும் நேரத்தை முடிவு செய்வதோ தரைவேகம். பின்னாலிருந்து காற்று தள்ளினால் தரைவேகம் கூடும், முன்னாலிருந்து எதிர்த்தால் குறையும்.

மெல்லிய காற்றாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் மேலே, ஜெட் ஸ்ட்ரீம் என்ற குறுகிய, மிக வேகமான காற்றோட்டம் பூமியைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் வெப்ப வேறுபாடு அதிகமாவதால் அது இன்னும் வலுவாகும்; சில சமயம் 300, 400 வரை போகும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,327 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான். அப்படியானால் பழைய 747 ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. ஒலியும் காற்றில்தான் பயணிக்கிறது. ஒப்பிட வேண்டியது காற்றுவேகத்தை. விமானத்தைச் சுற்றியிருந்த காற்றே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் விமானம் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தவறான நினைப்பைத் திருத்தியாக வேண்டும். போகும்போது காற்று எதிர்த்தால் என்ன, வரும்போது தள்ளுமே, மொத்தத்தில் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். சரியாகாது. 5,400 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லையென்றால் 900 வேகத்தில் போக ஆறு, வர ஆறு, மொத்தம் 12 மணி நேரம். இப்போது மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசட்டும். எதிர்த்துப் போகும்போது தரைவேகம் 750. 7 மணி 12 நிமிடம் ஆகும். காற்றோடு வரும்போது 1,050. ஏறக்குறைய 5 மணி 9 நிமிடம். கூட்டினால் 12 மணி 21 நிமிடம். காற்று எதிர்க்கும் பக்கம் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது, உதவும் பக்கம் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால்தான் இழந்ததை முழுதாகத் திரும்பப் பெற முடிவதில்லை. காற்று பலமாக இருக்கும் நாளில் ஒரே வழியில் போய் வந்தால் மொத்தத்தில் நஷ்டமே.

ஆகவே வழி வகுப்பவர்கள் தூரத்தைப் பார்ப்பதைவிடக் காற்றைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். வட அட்லாண்டிக்குக்கு மேலே வான்பாதைகளைத் தினமும் அன்றைய காற்றுக்கேற்பப் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே போகும் பாதைகளைக் கனடாவின் கேண்டர் மையமும், மேற்கே போகும் பாதைகளைப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் மையமும் திட்டமிடுகின்றன. கிழக்கே போகிறவர்கள் ஜெட் ஸ்ட்ரீமுக்குள் புகுந்துகொள்வார்கள், மேற்கே போகிறவர்கள் அதைத் தவிர்த்து ஒதுங்குவார்கள்.

இதற்கு நல்ல சாட்சி டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ பயணம். ஏர் இந்தியா முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போனது. 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகப் போகத் தொடங்கியது. அந்த வழியில் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். முந்தையதைவிட 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கூடுதல். ஆனால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முன்பு ஆனதைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. அதிக தூரம், குறைந்த நேரம்.

பூமி சுழல்வதாலா?

மேலே சொன்ன பயணம் செய்தியில் வந்தபோது பலர் சொன்ன விளக்கம், பூமியின் சுழற்சிக்கு இசைந்து போனதால் வேகம் கூடியது என்பது. இன்னொரு தரப்பு நேர்மாறாகக் கேட்கும்: பூமி கிழக்கே சுழல்கிறதே, மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வந்துவிடாதா?

நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. விமானம் இதிலிருந்து விடுபட்டுப் பறந்தால் அங்கே கிழக்கே போகும் எந்தச் சாதாரண விமானமும் ஊரை எட்டவே முடியாது. ஊர் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அப்படி நடப்பதில்லை. ஏனென்றால் பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் சுழல்கிறது. மேலே எழும்பினதும் அந்தச் சுழற்சி அதை விட்டுப் போய்விடுவதில்லை.

ஆனாலும் சுழற்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது மறைமுகமாக வேலை செய்கிறது. நிலநடுக்கோட்டில் 1,670 கிலோமீட்டராக இருக்கும் தரையின் வேகம், 60 பாகை அட்சரேகையில் பாதியாகிவிடும். வெப்பமண்டலத்தில் எழும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, பழைய இடத்தின் வேகத்தோடு வருகிறது. புதிய இடத்தில் தரை மெதுவாகச் சுழல்வதால் காற்று தரையை முந்திக் கிழக்கே ஓடுகிறது. மிக எளிமையாகச் சொன்னால் ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கு நோக்கி ஓடுவதற்கு இதுதான் காரணம். பூமி காற்றை ஓட்டுகிறது, காற்று விமானத்தைத் தள்ளுகிறது. நடுவில் உள்ள காற்றை விட்டுவிட்டுச் சொல்வதுதான் தவறு.

குறுகிய பயணம் ஏன் மெதுவாக இருக்கிறது?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையம் சுமார் 350 கிலோமீட்டர். 900ஆல் வகுத்தால் 24 நிமிடம்கூட ஆகக் கூடாது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் அளவில் இருக்கும்.

900 என்பது உச்சியில் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். அங்கே ஏறிச் சேர சுமார் இருபது இருபத்தைந்து நிமிடம், இறங்கி வரவும் ஏறக்குறைய அவ்வளவு. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. 36,000 அடியில் பறக்கும் விமானம் இறங்க ஆரம்பிப்பதே ஊருக்கு 200 கிலோமீட்டர் முன்னால். அப்படியிருக்க 350 கிலோமீட்டர் பயணத்தில் உச்சிக்குப் போய் நிற்க நேரம் ஏது? பயணம் நீள நீளத்தான் சராசரி வேகம் 900ஐ நெருங்கும்.

இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளுக்குப் போக வேண்டும். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே ஓடும் விமானச் சேவைதான் உலகிலேயே மிகக் குறுகியது. தூரம் 2.7 கிலோமீட்டர். கால அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று தோதாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, வேகத்தையே கூட்டினால் என்ன? 1958ல் அட்லாண்டிக்கைக் கடக்க வந்த போயிங் 707 விமானமும் இன்றைய ஜெட்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் பறக்கின்றன. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென்று எகிறும், எண்ணெய்ச் செலவும் கூடவே எகிறும். கான்கார்ட் விமானம் அந்தத் தடையைத் தாண்டிப் பறந்தது. 1996 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் வந்தது. 2003ல் அது ஓய்வு பெற்ற பிறகு அந்த வேகத்தில் பயணிகளை ஏற்றிச் செல்ல எதுவும் வரவில்லை.

சுருக்கமாக: விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது, பயணியின் நேரம் தரையைப் பொறுத்தது. நீண்ட பயணத்தில் நேரத்தை மாற்றுவது ஜெட் ஸ்ட்ரீம். குறுகிய பயணத்தில் நேரத்தை விழுங்குவது ஏற்றமும் இறக்கமும்.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்?

புறப்படும் நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் நேரமில்லை. விமானம் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் நேரம் அது. சேரும் நேரம் என்பதும் தரையைத் தொடும் நேரமில்லை, வந்து வாயிலில் நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மொத்தத்துக்கு ப்ளாக் டைம் என்று பெயர். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, போய்ச் சேர்ந்த ஊரில் இறங்க இடமில்லாமல் வானில் வட்டமடிப்பது, வாயில் காலியாகக் காத்திருப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். நெரிசலான விமான நிலையங்களில் தரையில் மட்டுமே அரை மணி நேரம் போய்விடலாம்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் தாமாகவும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது நேரத்துக்கு வந்த விமானம். இப்படி அளக்கும்போது, அட்டவணையில் முன்கூட்டியே பத்து இருபது நிமிடம் சேர்த்துவிட்டால் தாமதம் என்ற பெயர் வராது. ஆகவே விமானம் இருபது நிமிடம் முன்னதாக வந்தால் விமானி வேகமாக ஓட்டினார் என்று பொருளில்லை. சேர்த்து வைத்த நிமிடங்கள் அன்றைக்குத் தேவைப்படவில்லை. டிக்கெட்டில் உள்ள நேரத்தை வைத்து விமானத்தின் வேகத்தைக் கணக்கிடுவது வீண்வேலை என்று நான் சொல்வது இதனால்தான். அந்த எண்ணுக்குள் அட்டவணை போடுபவரின் எச்சரிக்கையும் கலந்திருக்கிறது.

தோராயமாக ஒரு கணக்கு வேண்டுமென்றால் இப்படிப் போடலாம்: பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். பரபரப்பான ஊர்களாக இருந்தால் முக்கால் மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சுமார் 15,350 கிலோமீட்டர். வகுத்தால் 18 மணி நேரம், அரை மணி கூட்டினால் பதினெட்டரை. நடுவில் நிற்காமல் போகும் விமானத்துக்கு அட்டவணையில் இருப்பதும் ஏறக்குறைய அதுவே. அப்புறம், மத்திய அட்சரேகைகளில் கிழக்கே போவதானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மேற்கே போவதானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைக் கழித்தால் நேரம் வராது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரத்தில், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரத்தில் போட்டிருக்கும். லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் மதியம் 1 மணிக்குச் சேரும் என்றால் பயணம் மூன்று மணி நேரம் இல்லை. நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறது; அதைக் கூட்டினால் எட்டு. திரும்பும்போது மாலை 6.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.30க்கு லண்டன் சேரும் என்றால் பன்னிரண்டு மணி நேரம் போலத் தெரியும். ஐந்தைக் கழித்தால் ஏழு.

இரண்டு நேரங்களையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதுதான் குழப்பமில்லாத வழி. அதற்கான பொதுக் கடிகாரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். விமானிகளும் கட்டுப்பாட்டு மையங்களும் உலகெங்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் நாடுகளில் மட்டும் தேதியையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று மாற்றுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. நடுவில் உள்ள அந்தச் சில வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நான்கு மணி நேரம்தான் வித்தியாசம். ஐந்து என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தப்பிவிடும்.

பசிபிக்கின் நடுவே ஓடும் பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது கணக்கு இன்னும் விசித்திரமாகும். ஜூலை மாதத்தில் ஆக்லாந்து யூடிசியைவிட 12 மணி நேரம் முன்னால் இருக்கும், லாஸ் ஏஞ்சலிஸ் 7 மணி நேரம் பின்னால். மொத்த வித்தியாசம் 19 மணி நேரம். ஆக்லாந்தில் புதன்கிழமை இரவு 8 மணிக்குக் கிளம்பும் விமானம் பன்னிரண்டு மணி நேரம் பறந்தால், ஆக்லாந்து கடிகாரத்தில் வியாழன் காலை 8 மணி. அதிலிருந்து 19ஐக் கழித்தால் லாஸ் ஏஞ்சலிஸில் புதன்கிழமை மதியம் 1 மணி. டிக்கெட்டில் சேரும் நேரம் புறப்படும் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னதாக அச்சாகியிருக்கும். அச்சுப் பிழை இல்லை. திரும்பி வரும்போது இதற்கு நேரெதிர்: லாஸ் ஏஞ்சலிஸில் புதன்கிழமை இரவு கிளம்பினால், பதின்மூன்று மணி நேரம் பறந்து ஆக்லாந்தில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை காலையாகியிருக்கும்.